இருபது உருப்படி

"இருபது உருப்படி கிடக்கும்" என்றாள் வெயிலம்மாள் மதினி. நானும் படிவத்தில் இருபது என்று எழுதினேன். அவளுடைய பட்டியில் அறுபத்து நாலு ஆடு அடைகிறது என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கள் இருவருக்கும் நடுவே முக்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்த கம்பெனி ஆள் முத்துசெல்வத்துக்கு மட்டும்தான் தெரியாது.

வெளியூர்க்காரர்கள் இதைப் பொய் என்பார்கள். எங்கள் பக்கத்தில் ஆடு வைத்திருப்பவர் யாரும் உண்மையான எண்ணிக்கையை வாய்விட்டுச் சொன்னது கிடையாது. கேட்டால், "என்னத்த கிடக்கு, பத்து இருபது" என்பார்கள். நூறு வைத்திருப்பவருக்கும் பத்து இருபதுதான். எண்ணினது பெருகாது என்று ஒரு நம்பிக்கை. அதனால் எண்ணுவதே இல்லை. சாயங்காலம் முள்படலைத் திறந்துவிட்டு மதினி ஓரமாக நிற்பாள். ஆடுகள் முண்டியடித்துக்கொண்டு உள்ளே போகும். எல்லாம் போனதும், "கொம்பொடிஞ்சவள எங்க காணும்?" என்பாள். தேடிப் போனால் கொம்பொடிஞ்சவள் எங்காவது ஓடைக்குள் இலந்தையைக் கடித்துக்கொண்டு நிற்பாள். ஒரு நாள்கூட அந்தக் கண் பிசகியதில்லை.

நான் பாண்டிச்செல்வி. வெயிலம்மாள் என் வீட்டுக்காரர் சுடலைமணியின் அக்கா. உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவள். அவள் புருஷன் கிளீனராகப் போன லாரி கயத்தாறு பக்கம் கவிழ்ந்து, ஆள் போய்ச் சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. ஒரே மகள் மாரிச்செல்வியை ஆடுகளை வைத்தே வளர்த்து, குளத்தூரில் உப்பளத்தில் வேலை பார்க்கிற பையனுக்குக் கட்டிக்கொடுத்தாள். மகள் வந்து கூடவே இருக்கச் சொல்லிக் கூப்பிடாத வருஷம் இல்லை. "அங்க வந்து உப்பைப் பாத்துக்கிட்டு இருக்கவாட்டி? இதுகள எவ பாப்பா?" என்று அனுப்பிவிடுவாள். மதினிக்கு நல்லது கெட்டது எல்லாம் அந்தப் பட்டிக்குள்தான் இருந்தது. இதைத் தெரிந்துகொண்டுதான் நான் அந்தப் படிவத்தை எழுதினேன்.

ஊருக்குக் கிழக்கே, பசுவந்தனை ரோட்டுக்கு வடக்கே, உடங்காடு. கரிசல் ஓடி முடிந்து சுண்ணாம்புக்கல் தலைகாட்டுகிற இடம். உழுதால் கொழு முறியும். பேர்தான் காடு, எல்லாம் பட்டா நிலம். இருபத்தேழு வீட்டுக்குச் சொந்தம், எங்களுக்கும் மூன்று ஏக்கர் உண்டு. மூன்று தலைமுறையாக யாரும் ஏர் பூட்டாமல் மேய்ச்சலுக்கு விட்டுவிட்டார்கள். உடைமரமும் வெள்வேலும் விடத்தலையும் குடை விரித்த மாதிரி நிற்கும். பங்குனி சித்திரையில் ஊரே காய்ந்து கிடக்கையில் உடை நெற்று உதிரும். ஆடுகள் அதைத் தின்றுதான் கோடையைத் தாண்டும். ஆடு மேய்க்கிறவர்கள் நிலத்துக்காரர்களிடம் கேட்டதும் இல்லை, அவர்கள் தடுத்ததும் இல்லை. அறுவடை முடிந்த பிஞ்சைகளில் மதினி ஆட்டை அடைத்துப் போடுவாள், நிலத்துக்காரனுக்கு உரம் கிடைக்கும். கொடுக்கல் வாங்கல் அவ்வளவுதான்.

இந்த உடங்காட்டுக்குத்தான் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். மரம் புகையை இழுத்து வைத்துக்கொள்கிறதாம். எங்கேயோ கடலுக்கு அப்பால் ஒருத்தன் புகையாக விட்டுத் தள்ளுகிறானாம். அவன் புகையை நிறுத்த மாட்டான். அதற்குப் பதிலாக எங்கள் உடைமரத்தை வெட்டாமல் வைத்திருக்க எங்களுக்குப் பணம் கொடுப்பானாம். பேர் கார்பன் கிரெடிட். முதல் கூட்டத்தில் இதைக் கேட்டுவிட்டு, "அவன் பீடி குடிக்க, நம்ம மரம் இருமணுமாக்கும்" என்று நான் சத்தமாகவே சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். என் வாய் அப்படி. அந்த வாயைப் பார்த்துத்தான் முத்துசெல்வம் எனக்கு வேலை கொடுத்தான். பன்னிரண்டு வரை படித்தவள், மகளிர் குழுவில் கணக்கு எழுதியவள், ஊரில் எல்லோரையும் தெரிந்தவள். களப் பணியாளர் என்று ஒரு அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டான்.

வேலை எனக்குப் பிடித்திருந்தது, மறைக்கவில்லை. மரத்தை நெஞ்சு உயரத்தில் நாடா போட்டு அளக்க வேண்டும். தகரத்தில் நம்பர் அடித்துக் கட்ட வேண்டும். செல்போனில் படம் பிடித்து அனுப்ப வேண்டும். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். பெரிய மரங்கள் எல்லாம் கூட்டம் கூட்டமாக, வட்டம் வட்டமாக நின்றன. மதினியிடம் கேட்டேன்.

"அதெல்லாம் எங்க மாமனார் காலத்துல பட்டி போட்ட இடம்டி" என்றாள். "நெத்த தின்னுட்டு ஆடு புழுக்க போடும். அந்தக் கொட்ட முளைக்காம என்ன செய்யும்? இந்தக் காட்ட எவனும் நட்டு வைக்கல. ஆடு நட்டது."

கிடை ஆடு நட்ட மரத்துக்குத்தான் நான் நம்பர் அடித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அது எனக்கு உறைக்கவில்லை.

கணக்கெடுப்பு நடந்தது மாசி மாதம். யார் யார் காட்டுக்குள் ஆடு மாடு மேய்க்கிறார்கள், எத்தனை உருப்படி என்று ஒரு பக்கம் இருந்தது. மற்றவர்களிடம் ஐந்தாறுதான் கிடந்தது, கண்ணால் பார்த்தே எழுதிவிட்டேன். மதினி இருபது என்றதும் என் பேனா ஒரு கணம் நின்றது உண்மை. திருத்தியிருக்கலாம். ஏன் திருத்தவில்லை என்று எத்தனையோ தடவை என்னையே கேட்டிருக்கிறேன். அசலூர் ஆள் முன்னால் எண்ணைச் சொல்லக் கூடாது என்று எனக்கும் ஒரு பயம். அதோடு என் புத்திசாலித்தனம் வேறு. அதிகமாக எழுதினால் ஆடே கூடாது என்று சொல்லிவிடுவார்களோ என்று நினைத்தேன். இலவச ஆடு கொடுத்த வருஷம் இருப்பதை இல்லையென்று சொன்னவர்களுக்குத்தான் ஆடு கிடைத்தது. குறைத்துச் சொல்லி எங்கள் ஊரில் கெட்டவன் கிடையாது. மதினிக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு இருபது என்று எழுதி, பக்கத்தில் அவள் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தேன்.

ஆவணியில் ஒப்பந்தத்தைப் படித்துக் காட்டினார்கள். முப்பது வருஷத்துக்கு மரம் வெட்டக் கூடாது, கொப்பு ஒடிக்கக் கூடாது. ஏற்கெனவே மேய்க்கிறவர்களின் உரிமை காப்பாற்றப்படும். முத்துசெல்வம் அந்த இடத்தில் குரலை உயர்த்திப் படித்தான். அவனே சண்டை போட்டுச் சேர்த்த வரி அது. மற்ற ஊர்களில் ஆட்டை முழுசாகவே வெளியேற்றிவிட்டார்கள். இங்கே, கணக்கெடுப்பில் பதிவான எண்ணிக்கை வரைக்கும் முப்பது வருஷமும் மேய்க்கலாம். அதற்கு மேல் ஒன்றுகூடக் கூடாது.

கூட்டத்தில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த மதினியைப் பார்த்தேன். அவளுக்கு இன்னும் புரியவில்லை. "மேய்க்கலாம்னுதான சொல்லுதாவ?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது.

வீட்டுக்கு வந்து நான்தான் விளங்க வைத்தேன். முதலில் சிரித்தாள். "அதெப்படிட்டி? இருபதுன்னா இருபதா?" என்றாள். அப்புறம் சிரிப்பு நின்றது.

வேறு இடத்தில் மேய்க்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். தெற்கே காற்றாலைக்காரன் வேலி போட்டுவிட்டான். மேற்கே சோலார் தகடு. மிச்சம் இருப்பதெல்லாம் மக்காச்சோளமும் உளுந்தும் போட்ட வெள்ளாமைக் காடு. தை முடிந்து இரண்டு மாதம்தான் ஆட்டை உள்ளே விடுவார்கள். திருட்டுத்தனமாகவும் மேய்க்க முடியாது. ஒரு ஆடு கூடினாலும் இருபத்தேழு வீட்டுக்கும் சேர்த்துப் பிடித்தம் என்று எழுதியிருந்தது. அதனால் ஊரே காவல்காரனாகிவிட்டது. பன்னிரண்டு ஏக்கர் வைத்திருக்கிற மாடக்கண்ணு அண்ணாச்சி, மதினியிடம் நேரடியாகவே கேட்டார். "ஏம்மா, நான் கேக்குதேன்னு தப்பா நினைக்காத. உன் ஒருத்திக்காக இத்தன வீடும் நட்டப்படணுமா?" வருஷா வருஷம் அவர் பிஞ்சைக்கு உரம் போட்டது மதினியின் ஆடுகள்தான். ஆனால் அவர் கேட்டதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. எங்கள் ஊருக்கு மதினி.

என் வீட்டுக்காரரும் மூன்று ஏக்கருக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். அதன் பிறகு அக்கா தெருவில் வந்தால் அவர் கொல்லைப்பக்கம் போய்விடுவார். மனுஷனை உண்டு இல்லையென்று ஆக்கினேன். அவரைத் திட்டித் தீர்த்தால் என் பங்கு குறைந்துவிடும் என்று நினைத்தேனோ என்னவோ.

புரட்டாசி கடைசியில் மதினியைக் கூட்டிக்கொண்டு கோவில்பட்டிக்குப் போனேன். எட்டயபுரம் ரோட்டில் மாடியில் ஆபீஸ். தும்பை விட்டு வாலைப் பிடிக்கப் போகிறோம் என்று தெரிந்தேதான் போனேன். முத்துசெல்வம் எழுந்து வந்து மதினிக்கு நாற்காலி போட்டான். அவன் அப்பா பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறார். நல்ல வளர்ப்பு. அவனைக் குறை சொல்ல எனக்கு இன்றைக்கும் மனசு வராது.

"செல்விக்கா, கணக்கு வெளிநாடு வரைக்கும் போயிட்டுது. இப்ப மாத்துனா, மத்ததெல்லாம் மட்டும் நிசமான்னு கேப்பாங்க" என்றான். "ஒண்ணு செய்வோம். அம்மா அவங்க வாயாலயே மொத்தம் எத்தனைன்னு சொல்லட்டும். ஏன் அன்னைக்குக் குறைச்சுச் சொன்னாங்கன்னும் சொல்லட்டும். நான் போன்ல பதிஞ்சு மனுவோட அனுப்புதேன். நடக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். முயற்சி பண்ணுவோம்."

போனை மேஜைமேல் வைத்தான். "சொல்லுங்கம்மா. இப்ப எத்தன ஆடு இருக்கு?"

மதினி போனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"கிடக்கு தம்பி" என்றாள்.

"எத்தனைம்மா?"

"அன்னைக்குச் சொன்னதுக்கு மேல கிடக்கும்."

"நம்பராச் சொல்லணும்மா."

மதினி முந்தானையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தாள். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. முத்துசெல்வம் பொறுமையாகக் காத்திருந்தான். எனக்குத்தான் பொறுமை இல்லை.

"மயினி, சொல்லுங்க. இதுக்குத்தான வந்தோம்?"

"எப்படிட்டி சொல்லுவேன்? சினையாடுக நிக்குதுல்லா பட்டியில." அவள் குரல் கெஞ்சியது. "எழுதிக் குடுக்கக் கூடாதா தம்பி? நீங்களே வந்து பாத்துட்டுப் போங்களேன்."

எனக்குக் கோபம் வந்தது. ஒரே ஒரு எண். அதைச் சொன்னால் ஆடுகள் பிழைக்க ஒரு வழி உண்டு. சொல்ல மாட்டேன் என்கிறாள். என் வாய் அப்படி என்று முன்பே சொன்னேன். "அறுபத்து நாலு சார்" என்றேன். "எழுதிக்கோங்க. அறுபத்து நாலு."

மதினி என்னை அடித்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் போனைப் பார்த்து, "ஆமா, அவ சொல்லுததுதான்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து படியிறங்கிவிட்டாள்.

பசுவந்தனையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போதுதான் கேட்டாள். "ஏட்டி, நீ எப்ப எண்ணுன?"

வாக்கப்பட்டு வந்த புதுசிலேயே எண்ணியிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் படித்த கொழுப்பு. அதற்கப்புறமும் அவள் பட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் என் கண் தானாக எண்ணும். பதினைந்து வருஷமாக அவளுக்குத் தெரியாமல் அவள் ஆடுகளை எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

அந்த வாரம்தான் முதல் மழை பெய்தது. பத்தே நாளில் கரிசல் முழுக்கப் பச்சை. பதினொன்றாம் நாள் காலையில் மூன்று ஆடுகள் பட்டிக்குள் காலை உதறிக்கொண்டு கிடந்தன. மத்தியானத்துக்குள் செத்துவிட்டன. இரண்டு சினை. துள்ளுமாரி நோய். கால்நடை டாக்டர் வந்து பார்த்தார். மழைக்கு முளைத்த இளம்புல்லை வயிறு முட்டத் தின்றால் வரும், ஊசி போடாமல் விட்டுவிட்டீர்கள் என்றார். நானும் அதைத்தான் நம்புகிறேன். அலைச்சலில் இந்த வருஷம் ஊசியை மறந்துபோனது மதினிக்கும் தெரியும். குழி வெட்டும்போது மண்வெட்டியை நான் வாங்கப் போனேன். கொடுக்கவில்லை. அவள் மனசில் இருந்தது எனக்கு விளங்க அது போதும்.

மனுவுக்குப் பதில் கார்த்திகையில் வந்தது. அடிப்படைக் கணக்கை மாற்ற வழியில்லை என்று ஒரே வரி. முத்துசெல்வம்தான் போனில் படித்துக் காட்டினான்.

எட்டயபுரம் சந்தைக்கு ஆடு பிடிக்கிற இசக்கிபாண்டி ஒரு வெள்ளிக்கிழமை மினி லாரியோடு வந்தார். மதினி இருபதை ஒதுக்கிக்கொண்டு மிச்சத்தைக் கொடுக்க வேண்டும். நானும் போயிருந்தேன். போகாமல் இருக்க முடியவில்லை.

"நல்ல இளம்பெட்டையா பாத்து நிறுத்திக்கோங்க தாயி. ஒரு கிடாவும் வச்சுக்கோங்க" என்றார் இசக்கிபாண்டி. நியாயமான மனுஷர்.

மதினி பட்டிக்குள் போனாள். ஒவ்வொன்றாகக் கொம்பைப் பிடித்து இந்தப் பக்கம் இழுத்து விட்டாள். கொம்பொடிஞ்சவள். ஒற்றைக்கண்ணி. பல் விழுந்த கிழட்டுக் கருப்பி. முன்னங்கால் வளைந்த சுட்டி. மடி வற்றிப்போனது, ஈளை பிடித்து இருமுவது. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மயினி, உங்களுக்கென்ன கிறுக்கா? இதுக எத்தன நாளைக்கு நிக்கும்? குட்டி போடுத ஆட்ட வச்சாத்தான பிழைப்பு ஓடும்?"

"நல்லதுகள வளக்குததுக்கு எவனாவது வாங்குவான்டி" என்றாள் திரும்பாமலே. "எட்டயபுரம் சந்தையில இதுகள எவன் வாங்குவான்? கறிக்குத்தான வாங்குவான். என் கையில தின்னு கெழடானதுகள எப்படிட்டி ஏத்தி விடுவேன்?"

கிடா ஒன்றுகூட அவள் வைத்துக்கொள்ளவில்லை. இருபது ஆனதை நான்தான் சொன்னேன். அவளுக்கு எண்ண வேண்டியிருக்கவில்லை, அதற்கு நான் இருந்தேன்.

நாற்பத்தொரு ஆட்டையும் ஏற்றிப் பின்கதவை அடைத்தார்கள். லாரி நகர்ந்ததும் கத்த ஆரம்பித்தன. இங்கே நின்ற கிழங்களும் கத்தின. மதினி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு படலுக்குப் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தாள். அன்றைக்கு நான் அழுதேன். என் கல்யாணத்தில்கூட நான் அப்படி அழவில்லை.

இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. காடு நன்றாகவே இருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். கொப்பு ஒடிக்காததால் மரங்கள் கவிந்து நிழல் இறங்கியிருக்கிறது. மைனாவும் கௌதாரியும் கூடியிருக்கின்றன. முதல் தவணைப் பணம் வந்து மாடக்கண்ணு அண்ணாச்சி போர்வெல் போட்டார். எங்கள் பங்கை நாங்களும் வாங்கினோம். கோடையில் உதிர்ந்த நெற்றுதான் தின்ன ஆளில்லாமல் அடியிலேயே குவிந்து கிடந்து பூச்சி அரிக்கிறது. புது உடங்கன்று ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. அதற்குப் படிவத்தில் இடம் இல்லை.

போன பங்குனியில் ஆண்டுக் கணக்கெடுப்பு. மேய்ச்சல் ஆடுகளின் எண்ணிக்கையை நேரில் பார்த்து, படம் எடுத்து அனுப்ப வேண்டும். எல்லா வீட்டுக்கும் போனேன். மதினி வீட்டைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன். வெயில் தாழ்ந்த நேரத்தில் போனேன். காட்டிலிருந்து அப்போதுதான் ஓட்டிக்கொண்டு வந்தாள்.

"மயினி, நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நானே பாத்து எழுதிக்கிடுதேன்" என்றேன்.

"பொறுட்டி" என்றாள். படலைத் திறந்து ஓரமாக நின்றாள். முண்டியடிக்க அங்கே கூட்டம் இல்லை. ஒவ்வொன்றாக நொண்டிக்கொண்டு வந்தன. மதினி கையை நீட்டினாள்.

"ஒண்ணு" என்றாள்.

தெருவே கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள். "ரெண்டு. மூணு." எதிர்வீட்டுச் சொர்ணத்தாய் வாசலுக்கு வந்து வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "நாலு. அஞ்சு." ஒவ்வொரு ஆட்டின் முதுகிலும் விரலைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். போதும் மயினி என்று சொல்ல வந்தேன். கடைசியாக ஒற்றைக்கண்ணி உள்ளே போனாள்.

"பதினேழு" என்றாள் மதினி. படலை இழுத்துச் சாத்தினாள். "எழுதிக்கோட்டி. இந்தத் தடவ சரியாச் சொல்லிருக்கேன்."

மூன்று கிழடுகள் பனியில் போய்விட்டிருந்தன. நான் பேனாவைத் திறந்தேன், மூடினேன். "இன்னும் மூணுக்கு இடம் இருக்கு மயினி" என்றேன். "நான் வாங்கித் தாரேன். இளம்பெட்டையா, ஒரு கிடாவோட. மறுபடி குட்டி போடும். இருபது வரைக்கும் யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

மதினி பட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் இல்லை. அவள் கோபப்பட்டிருந்தால் நான் வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

"வேண்டாம்ட்டி" என்றாள். "எண்ணியாச்சுல்லா. இனி எங்க பெருக?"

படிவத்தில் பதினேழு என்று எழுதினேன். கையை நீட்டினாள். பெருவிரலில் மை தடவினேன்.